மிளகு தொங்கும் கூடாரம்

நாற்றம் என்னும் சொல்லுக்குத் தமிழில் நேர்ந்த கதியை வாசக நேயர்கள் அறிவர். பண்டைப் புலவர் வாயில் நறுமணத்தைக் குறித்து நின்ற அச்சொல், இன்று மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்லும் சொல்லாகிவிட்டது. மணம் என்பதோ தன் மதிப்பை இழவாமல், பூவின் வாசத்திற்கும் கலியாணத்திற்கும் ஒருசேரப் பெயராய் நிலைத்திருக்கிறது. அறபியில் காற்று 'ரீஹ்', வாசனை 'ராயிஹா', உயிர் 'ரூஹ்'. மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. மதரஸாவில் ஸர்ஃபுப் பாடம் நடத்துங்கால் இம்மூன்றையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டுவது நம் வழக்கம். பிள்ளைகள் எழுதிக்கொள்வர். அதற்குமேல் அதில் ஆராய்வதற்கு ஏதும் இருப்பதாக நாமும் எண்ணியதில்லை.

2018 ஜூலையில் ஸ்விட்சர்லாந்தின் ஜூரிச் நகரத் தலைமை ரயில் நிலையத்தில் நின்றபோது அந்தப் பாடம் நினைவுக்கு வந்தது. தொழில் நிமித்தம் அங்கு வாழும் நம் தம்பியின் இல்லத்திற்கு விருந்தாகச் சென்றிருந்தோம். ரயிலுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. நிலையத்தின் பெருங்கூடத்தினுள் நுழைந்ததும், கண் எதையும் காணுமுன், மஞ்சளும் கிராம்பும் மூக்கில் ஏறின. இரும்பும் எண்ணெயும் காப்பியும் மணக்க வேண்டிய இடத்தில் இதென்ன என்று அண்ணாந்து பார்த்தோம். கையால் முடிச்சிட்டுப் பின்னிய வண்ணப் பருத்தி நாடாக்களால் ஆன ஒரு மாமரம் (பெரிய மரம் என்ற பொருளிற் சொல்கிறோம்) தரையிலிருந்து கூரைவரை எழுந்து, மேலே கிளை விரித்துப் பரந்திருந்தது. உயரம் 20 மீட்டர். அடிமரமே ஒரு கூடாரம். அதனுள் மக்கள் காலணி களைந்து அமர்ந்திருந்தனர். மேலிருந்து நீர்த்துளி வடிவில் தொங்கிய பைகளிலிருந்துதான் அம்மணம் வந்துகொண்டிருந்தது.

உடன் வந்த தம்பி மகள் ஏழு வயதுக் குழந்தை. அவள் நம் கையை விடுவித்துக்கொண்டு, "பெரிய வாப்பா, இது யாரு வீட்டுக் கலியாணப் பந்தல்?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடியும் போனாள். நாமோ, தாடியும் தொப்பியுமாக இதற்குள் நுழைவது தகுமா என்று தயங்கி, வாயிலிலேயே சிறிது நேரம் நின்றோம். பிறகு நுழைந்தோம். உள்ளே ஒரு பயணி தம் பெட்டியைத் தலைக்கு வைத்து உறங்கிக்கொண்டிருந்தார். யாரும் அவரை எழுப்பவில்லை.

இம்மரத்தை எழுப்பியவர் எர்னெஸ்டோ நெட்டோ என்னும் பிரேசில் நாட்டுச் சிற்பி. காயா அன்னை மரம் என்று அதற்குப் பெயரிட்டிருந்தார். பெயலர் அறக்கட்டளையின் ஏற்பாட்டில் ஏறத்தாழ ஒரு மாத காலம் அது அங்கு நின்றது. அன்று தொட்டு இவருடைய படைப்புகளைப் பற்றிய நூல்களையும் படங்களையும் இயன்றவரை தேடிப் பார்த்துவருகிறோம். உருவச் சிலை வடிக்கும் கலையில் நமக்கு ஈடுபாடு இல்லை என்பதையும், அதன் காரணம் இவ்விதழ் வாசகர்க்குச் சொல்லாமலே விளங்கும் என்பதையும் முதலிலேயே கூறிவிடுகிறோம். எனினும் நெட்டோ செய்வது உருவம் அன்று. கூடாரம், தூளி, குகை, பொதி. ஆகவே இவர்பால் நம் கண் சென்றது. சென்ற கண் குறையையும் கண்டது. இரண்டையும் எழுதுவோம்.

நெட்டோ 1964இல் ரியோ டி ஜெனிரோவில் பிறந்தவர். அந்நகரின் பார்க்கே லாஜெ கலைப்பள்ளியில் பயின்றவர். 1980களின் இறுதியில் அவர் செய்த தொடக்க காலப் படைப்புகளுக்குக் கல்லும் வேண்டவில்லை, உளியும் வேண்டவில்லை. மகளிர் அணியும் மெல்லிய நைலான் காலுறைக்குள் ஈயக் குண்டுகளை நிரப்பித் தரையில் இட்டார். துணி நெகிழ்ந்தது, குண்டுகள் தம் பாரத்தால் சரிந்து ஓரிடத்தில் அமைதி கொண்டன. அந்த அமைதியே வடிவம். சிற்பி என்பான் கல்லில் வேண்டாததைக் கழிப்பவன், அல்லது மண்ணில் வேண்டியதைக் கூட்டுபவன் என்றே நாம் கேட்டிருக்கிறோம். இவர் கழிக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. நிரப்பிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். எஞ்சிய வேலையைப் பூமியின் ஈர்ப்பு செய்தது.

பின்னர் வந்த பெரும் படைப்புகள் யாவும் இந்த ஒரு கண்டுபிடிப்பின் விரிவே. நெகிழும் துணியை ஒரு கூடத்தின் கூரைமுழுதும் இழுத்துக் கட்டுவார். அதிலிருந்து நீண்ட குழல்களைத் தொங்கவிடுவார். குழலின் அடியில் பாரம். பாரம் கீழே இழுக்க, துணி மேலே இழுக்க, இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் அக்குழல் நிற்கும். ஒரு பொதியை அவிழ்த்தால் அதனை அடுத்த துணி மேலே எழும், அதற்கடுத்தது சாயும், கூரை முழுதும் தன் நிலையை மாற்றிக்கொள்ளும். ஒன்றன் பாரத்தை மற்றொன்று தாங்கி நிற்கும் இவ்வமைப்பில் ஆணி இல்லை. நம்மூர்ப் பந்தற்காரர்களும், பாய்மரம் கட்டிய மாலுமிகளும் இதன் நுட்பத்தை எளிதில் விளங்கிக்கொள்வர். கலைநூல் கற்றோர் சற்றுச் சிரமப்பட்டே விளங்கிக்கொள்கின்றனர்.

1990களில் ஈயக் குண்டின் இடத்திற்கு மஞ்சளும் மிளகும் கிராம்பும் சீரகமும் வந்தன. இதை ஒரு வேடிக்கை என்று எழுதியோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. பாரம் என்பது இருந்த இடத்தில் இருப்பது. மணமோ இருந்த இடத்தை விட்டு எழுவது. ஒரே பொதி கீழ்நோக்கி இழுக்கிறது, அதே பொதி மேல்நோக்கிப் பரவுகிறது. ஈயத்தால் இது ஆகாது. மேலும், மெல்லிய துணியின் கண்கள் வழியே மஞ்சள்பொடி கசிந்து, பொதியின் அடியில் தரைமேல் ஒரு வட்டம் இடும். 2002இல் அவர் செய்து, இப்போது பாரிஸின் பொம்பிடு மையத்தில் உள்ள ஒரு படைப்பில் கிராம்பும் மஞ்சளும் மிளகும் இவ்வாறு தொங்குகின்றன. வாசனைப் பண்டங்களின் வீரியம் நாளடைவில் குறையும் என்பதை அடுக்களை அறிந்த எவரும் அறிவர். கல்லைப் போல் இருநூறு ஆண்டு காத்திருக்காத சிற்பம் இது. இதன் மணம் உள்ளபோதே வந்து முகர்ந்து செல்லவேண்டும். நூலிற் காணும் படம் இதற்குச் சாட்சி ஆகாது, படம் மணப்பதில்லை.

இவ்விடத்தில் சிறிது விலகிச் செல்வதை வாசகர்கள் பொறுத்தருள்க. மிளகுக்கு அறபியர் வழங்கும் 'ஃபில்ஃபில்' என்னும் பெயர் நம் திப்பிலியின் வடமொழிப் பெயராகிய பிப்பலியிலிருந்து பாரசீகம் வழியே சென்றது. இஞ்சியைக் குறிக்கும் 'ஸன்ஜபீல்' திருக்குர்ஆனில் சுவனத்துப் பானத்தோடு கூறப்படுவது. அச்சொல்லின் மூலத்தைத் தேடிச் செல்லும் மொழிநூலார், பாலி பிராகிருதம் வழியே நம் இஞ்சிவேரில் வந்து நிற்கின்றனர். இஸ்லாத்திற்கு முற்பட்ட இம்ரஉல் கைஸின் முஅல்லகாவிலேயே கிராம்பின் மணமும் மிளகின் மணியும் இடம்பெற்றுள்ளன. பாலைவனத்துக் கவிஞனின் மூக்குக்கு அவற்றைக் கொண்டு சேர்த்தவை கீழ்க்கடல் நாடுகளிலிருந்து சென்ற மரக்கலங்கள். ஆகவே ஜூரிச்சிலோ பாரிஸிலோ ஒரு சிற்பி மிளகைத் தொங்கவிடும்போது, அதனை அடியோடு புதிய பொருளாக நம்மால் பார்க்க முடியாது. இந்த முன்னறிவு நமக்கு ஒரு பலம். ஒரு மனத்தாங்கலும் அதிலிருந்தே பிறக்கிறது. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

நெட்டோவுக்கு முன்னோடிகள் உண்டு. அவர் அதனை மறைப்பதில்லை. 1959இல் ரியோவின் கவிஞரும் கலைஞரும் சிலர் கூடிப் புதுத்திண்மை வாதம் என்று பொருள்படும் ஓர் அறிக்கையை வெளியிட்டனர். அக்குழுவைச் சேர்ந்த லிஜியா கிளார்க் 1960இல் கீல்களால் இணைத்த உலோகத் தகடுகளைச் செய்து 'விலங்குகள்' என்று பெயரிட்டார். பார்ப்பவர் கையில் எடுத்து மடக்கித் திருப்பினால்தான் அவை முழுமை பெறும். ஹீலியோ ஒய்ட்டிசிகா பராங்கொலே என்னும் வண்ணப் போர்வைகளைச் செய்தார். அணிந்து ஆடினால்தான் அவை கலை. ஆணியில் மாட்டினால் கந்தல். 1965இல் ரியோவின் நவீனக் கலைக்கூடத்தில் ஒரு கண்காட்சியின் திறப்புக்கு, மங்கேரா என்னும் குன்றுக் குடிசைப் பகுதியின் ஆட்டக்காரர்களுக்கு அப்போர்வைகளை அணிவித்து அழைத்து வந்தார். கலைக்கூடத்தார் அவர்களை உள்ளே விடவில்லை. அவர்கள் வெளியே தோட்டத்தில் ஆடினர்.

அப்பொழுது நெட்டோ கைக்குழந்தை. அவர் வளர்ந்து தொழில் தொடங்கியபோது கதவுகள் திறந்திருந்தன. 2001இல் வெனிஸ் பெருங்கண்காட்சியில் தம் நாட்டின் சார்பில் இடம்பெற்றார். 2006இல் பாரிஸின் பந்தியோன் மண்டபமே அவருக்குக் கிடைத்தது. வோல்டேரும் ரூசோவும் விக்டர் ஹியூகோவும் அடங்கிய இடம் அது. பூமியின் சுழற்சியை ஃபூக்கோ 1851இல் ஊசற்குண்டு தொங்கவிட்டு மெய்ப்பித்த இடமும் அதுவே. அங்கே கல் தூண்களுக்கு நடுவே, வெண்துணியாலான மாபெரும் உறுப்புகளைக் குவிமாடத்திலிருந்து தொங்கவிட்டு, 'லெவியாத்தான் தோத்' என்று பெயர் சூட்டினார். ஒன்று யூத வேதத்துக் கடற்பிராணி, மற்றது எகிப்தியரின் தெய்வம். பெயர் நமக்கு உவப்பாக இல்லை. படைப்பு அப்பெயரை விடப் பெரிது. நிமிர்ந்து நிற்பதே மேன்மை என்று கட்டிய ஒரு கட்டடத்தின் நடுவில், தொங்குவதிலும் தளர்வதிலும் ஓர் அழகு உண்டென்று அது காட்டிற்று. ஃபூக்கோவின் குண்டைப் பிடித்து இழுத்த அதே ஈர்ப்புதான் இத்துணியையும் இழுத்தது. அவர் இடத்தை அறிந்து செய்த படைப்புகளுள் இதனை முதன்மையானதாக வைப்போம்.

2009இல் நியூயார்க்கில் பழைய படைப்பயிற்சிக் கூடமொன்றில் எழுப்பிய 'ஆந்த்ரோபோடினோ'வைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலவில்லை. ஒட்டுப்பலகையில் அறுத்த எலும்பு போன்ற துண்டுகளைக் கோத்து, அதன்மேல் துணி போர்த்தி, வழிகள் வகுத்து, உள்ளே வாசனைப் பொதிகளைத் தொங்கவிட்டு, குழந்தைகள் குதிக்கப் பந்துகள் நிறைந்த தொட்டியும் வைத்தார். கூட்டம் அலைமோதிற்று. இது கலையா, பிள்ளைகளின் விளையாட்டுத் திடலா என்று அன்று சிலர் கேட்டனர். கேள்வி தவறு என்பது நம் கருத்து. விளையாட்டு கலைக்குப் பகை அன்று. ஜூரிச்சில் ஓடிய குழந்தை, நாம் நின்று யோசித்ததை ஓடியே அறிந்துகொண்டது. கேட்கவேண்டியது, உள்ளே சென்றவர் எதையேனும் உணர நேர்ந்ததா, அன்றித் தம்மை மறந்து குதித்துவிட்டு வந்தாரா என்பதே. தலைக்கு மேல் ஒரு பொதி தொங்கினால் மனிதன் நடையைத் தளர்த்துகிறான், குனிகிறான், மூச்சை இழுக்கிறான். தொட்டி நிறையப் பந்து இருந்தால் எதையும் கவனியான். முன்னதில் மிளகு ஆசிரியர். பின்னதில் மிளகு அலங்காரம். 2021இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் அவர் செய்த படைப்பு இக்குறையைப் பெரிதும் நீக்கிக்கொண்டது. தரைக்கு மேலே அந்தரத்தில் தொங்கும் பின்னல் வழியில் ஒவ்வோர் அடியையும் தடுமாறித்தான் வைக்கவேண்டும். தடுமாறுபவன் தன் உடலை மறப்பதில்லை.

2013 முதல் அவருடைய பாதை ஒரு திருப்பத்தைக் கண்டது. பிரேசிலின் மேற்கெல்லையில், அமேசான் காட்டு ஆக்ரி மாநிலத்தில் வாழும் ஹூனி குயின் மக்களுடன் பழகத் தொடங்கினார். 2015இல் வியன்னாவிலும், 2017இல் வெனிஸிலும் அவர்களோடு சேர்ந்து படைத்தார். வெனிஸில் அம்மக்களின் கூடுமிடத்தை நினைவூட்டும் பின்னற் கூடாரம் ஒன்றை எழுப்பி, அவர்களையே அழைத்து வந்து, அவர்தம் சடங்குகளும் பாடல்களும் அங்கு நிகழச் செய்தார். காட்டில் வாழ்வோரைக் கொணர்ந்து ஐரோப்பியர் வேடிக்கை பார்த்த பழைய கண்காட்சிகளை இது நினைவூட்டுகிறது என்று கண்டித்தோர் உண்டு. அம்மக்கள் தாமே விரும்பி வந்தனர், தம் நிலத்தின் துயரை உலகுக்குச் சொல்ல அது ஒரு வாய்ப்பு என்று மறுத்தோரும் உண்டு.

நெட்டோவின் உளத்தூய்மையில் நமக்கு ஐயமில்லை. அவர் அவர்களைத் துணைப்படைப்பாளர் என்றே கூறினார். ஆயினும் நம் மனம் ஒப்பவில்லை. நம்மூரில் ஒருமுறை ராத்திபு மஜ்லிஸைப் படம் பிடிக்கச் சிலர் வந்திருந்தனர். கண்ணியமானவர்களே, அனுமதி பெற்றே வந்தனர், மூலையில் அமைதியாக நின்றனர். எனினும் அன்று ஓதியவர்களின் குரல் சற்று உயர்ந்திருந்தது. பார்க்கப்படுகிறோம் என்ற எண்ணம் தொண்டையில் ஏறிவிட்டது. கண்டிக்கத்தக்கதாக எதுவும் நடக்கவில்லை. ஆனால் அது ராத்திபாகவும் இல்லை. ஒரு சடங்கு அதற்குரிய கடமைகளைச் சுமப்பவர்களுக்கே பொருள்தரும். நுழைவுச்சீட்டு வாங்கி அரை மணி நேரம் அமர்ந்து எழுந்து, அடுத்த நாட்டின் கூடத்திற்குச் செல்பவர் அதனில் பங்குகொண்டார் எனக் கூறுவது சொல்லை மலிவாக்குவதாகும். மிளகை முகரும் எவரும் மிளகை முகர்ந்தவரே. பிறர் வணக்கத்தின் நடுவில் அமர்ந்த எவரும் வணங்கியவர் ஆகார். இவ்வேறுபாட்டை நெட்டோ பொருட்படுத்தவில்லை. அவருடைய தொழிலில் இதனையே பெருங்குறை என்போம். ஜூரிச் மரம் இதன் பின்னரே எழுந்தது என்றாலும், அங்கே சடங்கு எதையும் நாம் காணவில்லை. உறங்கும் பயணிக்கும் அங்கே இடம் இருந்தது.

இனி, முன்பு சொல்வதாகக் கூறிய மனத்தாங்கல்.

1500 மார்ச்சில் பெட்ரோ அல்வாரெஸ் கப்ரால் லிஸ்பனிலிருந்து கப்பல்களோடு புறப்பட்டான். அவன் தேடிப் புறப்பட்டது பிரேசில் அன்று, கள்ளிக்கோட்டை மிளகு. கடலில் மேற்காகச் சென்று ஏப்ரலில் ஒரு கரையைக் கண்டான். அதுவே பிரேசில். சில நாள் தங்கி, மீண்டும் தன் வழியே கிழக்கு நோக்கி வந்தான். அவ்வாண்டு இறுதியில் கள்ளிக்கோட்டைத் துறையில் சண்டை மூண்டு, அங்கிருந்த போர்ச்சுகீசியர் பலர் கொல்லப்பட்டனர். அதற்குப் பழிவாங்க, துறையில் நின்ற முஸ்லிம் வணிகர்களின் கப்பல்களைக் கைப்பற்றி, அவற்றிலிருந்தோரைக் கொன்று, நகரின்மீது பீரங்கியால் சுட்டான். 1502இல் மக்காவிலிருந்து திரும்பிய ஹாஜிகளின் கப்பலை வாஸ்கோ ட காமா கொளுத்தினான். இவற்றின் பின்விளைவுகளைப் பொன்னானி ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் அவர்கள் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' என்னும் அறபு நூலில் பதிந்து வைத்துள்ளார்கள். நம் மதரஸாவில் அதனைப் படித்த நாட்களை மறக்கவில்லை. மலையாளக் கரையில் தொடங்கிய அத்துன்பம் நம் கிழக்குக் கரை மரைக்காயர்களின் கடல் வாணிபத்தையும் தொட்டது.

எனவே, போர்ச்சுகீசிய மொழி பேசும் ஒரு பிரேசில் நாட்டார் மிளகைத் தொங்கவிடும்போது, அவர் நாட்டைப் போர்ச்சுகீசியர் கண்டதே இந்த மிளகைத் தேடி வந்த வழியில்தான் என்பது அப்பொதியின் பாரத்தோடு சேர்ந்தே தொங்குகிறது. அவருடைய படைப்பில் பாரம்தான் எல்லாம் என்றோம். இந்தப் பாரம் மட்டும் ஏன் கணக்கில் வரவில்லை? ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் மிளகையும் கிராம்பையும் கையாண்டவர், அவற்றை மாசற்ற மணமாக, தாயின் மடியாக, பூமியின் மூச்சாக மட்டுமே காட்டி வந்தார். 2019இல் ஸா பாலோவில் அவருடைய வாழ்நாட் படைப்புகளைத் திரட்டிக் காட்டிய கண்காட்சிக்கு 'மூச்சு' என்றே பெயர். ரூஹும் ராயிஹாவும் ஒரு வேர் என்று கற்பிக்கும் நமக்கு அப்பெயர் இனிக்கிறது. ஆனால் அந்த மணத்திற்காக மூச்சு நிறுத்தப்பட்டவர்களும் இருந்தனர்.

இம்மனத்தாங்கலோடு இருந்தபோதுதான் 2024இல் லிஸ்பனில் அவர் எழுப்பிய படைப்பின் செய்தி கிட்டிற்று. 'நம் படகு முரசு பூமி' என்பது அதன் பெயர். தேஜோ ஆற்றின் கரையில், பெலெம் பகுதியிலுள்ள கலைக்கூடத்தில் அதனை அமைத்தார். காமாவும் கப்ராலும் கப்பலேறிய கரை அது. அங்கே பின்னலால் ஒரு படகு, அதனுள் பல நாட்டுத் தோற்கருவிகள், வருவோர் தட்டலாம். துணியோ 'சிட்டா' எனப் பிரேசில் ஏழை எளியோர் வழங்கும் பூவச்சுப் பருத்தி. இச்சொல்லைக் கண்டதும் நாம் வியந்தோம். சோழமண்டலக் கரையிலிருந்து நம் முன்னோர் ஏற்றுமதி செய்த அச்சடிப் பருத்திக்குச் சீட்டி என்று பெயர். நம் பாட்டிமார் பெட்டியில் சீட்டித் துணி இருந்தது. அச்சொல்லும் சிட்டாவும் ஒரு குடும்பத்தவை. மிளகைத் தேடி வந்த கப்பல்கள் எடுத்துச் சென்ற துணி, பெயரோடு அட்லாண்டிக்கைக் கடந்து குடியேறி, ஒரு சிற்பியின் கையில் படகாகி, அதே லிஸ்பன் துறைக்கு வந்து நின்றது.

ஆக, இறுதியில் அவர் கப்பலை நோக்கித் திரும்பிவிட்டார். அது நிறைவான விடையா? கண்டங்கள் ஒன்றையொன்று தழுவும் படகாகவே அவர் அதனைச் செய்தார். அக்கரையிலிருந்து புறப்பட்ட கலங்கள் தழுவ வரவில்லை என்பதை அது உரத்துச் சொல்லவில்லை. ஆயினும் அந்தக் கரையில், அந்தத் துணியில், ஆப்பிரிக்கரும் அமேசான் மக்களும் கீழைநாட்டாரும் கொட்டிய முரசுகளை நிறைத்து, வருவோர் கையில் கோலைக் கொடுத்ததை வெறும் அலங்காரம் என்று தள்ள நம்மால் இயலவில்லை. வெனிஸில் பிறர் வணக்கத்தைப் பார்வைக்கு வைத்தவர், லிஸ்பனில் வந்தவனையே ஓசை எழுப்பச் சொன்னார். இது முன்னேற்றம்.

2025 கோடையில் அப்படகு பாரிஸின் கிராண்ட் பலே மண்டபத்திற்குச் சென்றது. ஜூரிச்சில் செருப்பைக் கழற்றி ஓடிய தம்பி மகள் இப்போது வளர்ந்துவிட்டாள். தம் பெற்றோருடன் அங்கு சென்று வந்து நமக்குக் கடிதம் எழுதினாள். ஒரு பெரிய முரசைக் கை வலிக்குமட்டும் அடித்ததாகவும், பின்னால் ஒரு மூதாட்டி தம் முறைக்காகக் காத்திருந்ததாகவும் எழுதியிருந்தாள். அவளுக்குக் கப்ராலைப் பற்றியும் துஹ்ஃபாவைப் பற்றியும் நான்கு பக்கம் எழுதி, பாட்டியின் பெட்டியிலிருந்த சீட்டித் துணியில் ஒரு துண்டைக் கத்தரித்து உள்ளே வைத்து அனுப்பியிருக்கிறோம்.